தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் சிதம்பரம்

ஜனவரி 10, வெள்ளி

மகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை இறுதியாண்டு படிக்கிறாள். இந்த நான்கு வருஷத்தில் ஆறேழு முறை சிதம்பரம் வந்திருப்பேன். ஒவ்வொரு முறையும் ஸ்டேஷனில் இறங்கி, கிழக்கே திரும்பி விடுதிக்குப் போய், பெட்டியை வைத்துவிட்டு, அடுத்த வண்டியைப் பிடித்து ஊர் திரும்பியதுதான். மேற்கே இருக்கிற கோயிலுக்கு ஒரே ஒரு முறை போனேன், அதுவும் நடை சாத்துகிற நேரத்தில். இந்த வருஷம் ஆருத்ரா தரிசனம் என்கிற மார்கழித் திருவாதிரையும் போகியும் ஒரே நாளில் சேர்ந்து வந்தன, தேர் அதற்கு முந்தின நாள். "பொங்கலுக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வர்றதுன்னா தேருக்கு முன்னாடியே வந்துடும்மா. படிக்கிற காலத்துல எனக்கு இதுதான் கடைசி மார்கழித் தேர்" என்றாள். அலுவலகத்தில் வெள்ளிக்கும் திங்களுக்கும் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வந்ததும் முதல் அடி. தேருக்காக மூன்று வாரம் முன்பே ஒரு லாட்ஜில் போனில் அறை சொல்லி வைத்திருந்தேன், நாளைக்கு 1,200 ரூபாய். போய் நின்றால், "அட்வான்ஸ் கட்டலையேம்மா, ரூம் போயிடுச்சு. வேணும்னா ஒண்ணு இருக்கு, 3,500" என்றார் மேசையில் இருந்தவர். நான் அட்வான்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்று சொன்னதே அவர்தான். வாதாடிப் பார்த்தேன், பிரயோசனம் இல்லை. பெட்டியோடு வாசலில் நின்று மகளுக்குப் போன் செய்தேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இரும்மா, பத்து நிமிஷம் குடு" என்றாள்.

பத்து நிமிஷம் ஆகவில்லை. அவளோடு படிக்கிற பையன்கள் மூன்று பேர் அண்ணாமலை நகரில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார்கள். அன்று மதியம் ஊருக்குக் கிளம்புகிறார்கள். வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் பேசி முடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அறை பெருக்கித் துடைத்திருந்தது, துவைத்த போர்வை மடித்து வைத்திருந்தது. சுவரில் தேர்வு அட்டவணை, பூச்சிகளை ஒட்டிய ஒரு பழைய அட்டைப்பெட்டி, ஜன்னல் மேல் பேப்பர் கப்பில் முளைவிட்ட உளுந்து. போகிற அவசரத்திலும் ஒரு பையன், "அம்மா, அந்த உளுந்துக்கு மட்டும் தினம் ஒரு தடவை தண்ணி தெளிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாடகை என்னவென்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "பசங்க இந்த மாசத்துக்குக் கட்டிட்டாங்கம்மா, ரெண்டு தடவை எப்படி வாங்குறது?" என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவர் வீட்டு அம்மாவிடம் கறிகாய்ச் செலவுக்கென்று 1,000 ரூபாய் கொடுத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மதியம் கல்லூரியில் பொங்கல் விழா. வேளாண்மைப் பிள்ளைகள் வைக்கிற பொங்கல் என்பதால் கரும்பும் மஞ்சள் கொத்தும் அவர்களே விளைவித்தது போலப் பெருமையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பெண்கள் எல்லோரும் சேலை, பையன்கள் வேட்டி. புதுவேட்டி நழுவாமல் இருக்க ஒரு பையன் பெல்ட் மேல் பெல்ட் போட்டிருந்தான். உறியடியில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் பானையை விட்டுவிட்டுப் பந்தல் காலை ஓங்கி அடிக்க, பந்தல் ஒரு ஆட்டம் ஆடியது. கொண்டாட்டம் முடிந்த கையோடு எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கும் பேருந்து நிலையத்துக்கும் பறந்தார்கள்.

பல்கலைக்கழக நுழைவாயில் பக்கம் ராஜேந்திரன் சிலை இருக்கிறது. 1965 ஜனவரி 27 அன்று, இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர். மகள் வயதுதான் இருந்திருக்கும். இத்தனை முறை ஆட்டோவில் அதைத் தாண்டிப் போயும் இன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். சிலையைச் சுற்றி ஊருக்குப் போகிற பிள்ளைகள் பெட்டியோடு ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் கோயில். அன்று வைகுண்ட ஏகாதசியும் கூட. நடராஜர் சன்னதிப் பக்கத்திலேயே கோவிந்தராஜப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஒரே இடத்தில் நின்று தலையைத் திருப்பி இருவரையும் கும்பிடலாம். எனக்கு முன்னால் நின்ற பாட்டி துளசித் தீர்த்தம் வாங்கி, அதே ஈரக்கையால் விபூதியும் வாங்கிப் பூசிக்கொண்டார்.

ஜனவரி 11, சனி

காலையில் இட்லி, கத்தரிக்காய் கொத்சு. சிதம்பரம் வந்து கொத்சு சாப்பிடாமல் போனால் வந்ததாகவே கணக்கில்லை என்று வீட்டுக்கார அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்து மசித்து, புளிக்கரைசலில் கொதிக்க வைத்து, வறுத்து அரைத்த பொடி போட்டு இறக்குவது. சாம்பாரும் இல்லை, சட்னியும் இல்லை. சுட்ட வாசனை நாக்கின் பின்பக்கம் தங்குகிறது. மேல வீதி பக்கம் ஒரு சின்னக் கடையில் நான்கு இட்லி, ஒரு காபி, 55 ரூபாய். பரிமாறிய பெரியவர் கொத்சை மூன்றாவது முறை ஊற்றிவிட்டு, "பாப்பா யுனிவர்சிட்டியா? நாளைக்குத் தேர் பாத்துட்டுத்தானே போகும்?" என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் நான்கு பேர் இதையே கேட்டார்கள். தேர் பார்க்காமல் ஊருக்குப் போகிற பிள்ளைகள் மேல் இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வருத்தம் இருக்கிறது.

பகல் முழுக்கப் பிச்சாவரம். சுமார் பதினைந்து கிலோமீட்டர். விடுமுறைக் கூட்டம், படகுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வெயில் இல்லை, மேகம் மூடி ஒரு புழுக்கம். ஆனால் துடுப்புப் படகு சின்னக் கால்வாய்க்குள் நுழைந்ததும் எல்லாம் மாறிவிட்டது. தலைக்கு மேலே கிளைகள் கோத்துக்கொண்டு கூரை போட்டிருக்கின்றன. சுரபுன்னை வேர்கள் தண்ணீருக்கு மேலே வளைந்து வளைந்து ஊன்றியிருக்கின்றன. சத்தமே இல்லை, துடுப்பு தண்ணீரில் விழுவது மட்டும் கேட்கிறது.

இங்கே மகள்தான் எனக்கு வாத்தியார். முருங்கைக்காய் போலத் தொங்கிய ஒன்றைக் காட்டி, "இது காய் இல்லம்மா, கன்று. விதை மரத்துலயே முளைச்சு இந்த நீளம் வந்துடும். அப்புறம்தான் கீழ விழும். விழுந்தா அப்படியே சேத்துல குத்தி நின்னு வேர் விடும்" என்றாள். உப்புத் தண்ணீரில் விதையாக விழுந்தால் பிழைக்காது என்று தாய்மரம் முளைக்கவைத்தே அனுப்புகிறது. இதை அவள் சொன்ன பிறகு படகில் எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதுவும் பேச வரவில்லை.

படகோட்டி ஒரு மரத்தருகே துடுப்பை நிறுத்தினார். சாதாரணமான மரம். உதிரப்போகிற இலைகள் மட்டும் செக்கச் சிவந்திருந்தன. "இதாங்க தில்லை. கிளையை ஒடிச்சா பால் வரும், கண்ணுல பட்டா பார்வை போயிடும், கையை உள்ள வெச்சுக்குங்க." சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான், கோயிலின் தல மரமும் இதுதான். ஊருக்குள் தில்லை என்று கடைகளுக்கும் தெருக்களுக்கும் பெயர் பார்த்திருக்கிறேன், மரத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். 2004 சுனாமியில் இந்தக் காடு அலையின் வேகத்தை உடைத்துப் பின்னால் இருந்த ஊர்களைக் காப்பாற்றியதையும் அவரே சொன்னார். அப்போது அவருக்குப் பதினாறு வயதாம். "காடு இல்லன்னா நான் இன்னிக்கு உங்களுக்குப் படகு தள்ள மாட்டேன்" என்றார். இறங்கும்போது கூலிக்கு மேல் 100 ரூபாய் கொடுத்தேன். "தேருக்கு வருவேன், அங்க பாப்போம்" என்றார்.

ராத்திரி மாடி அறையில் மகளின் அறைத்தோழியும் எங்களோடு தங்கினாள். இசைத்துறையில் வாய்ப்பாட்டு படிக்கிறவள், விழுப்புரம் பக்கம். ஊர் பக்கத்திலேயே இருந்தும் தேருக்காகப் போகாமல் இருந்தாள். இந்தப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியதிலிருந்தே இசைக்கு இங்கே இடம் உண்டு, தமிழிசை இயக்கத்தின் மாநாடு 1941-இல் நடந்ததும் இதே அண்ணாமலை நகரில்தான், கச்சேரியில் தமிழ்ப்பாட்டு பாடுவதற்கே ஒரு இயக்கம் வேண்டியிருந்த காலம் அது என்றெல்லாம் சொன்னாள். "பாட்டுக்குத் துணையா ஒரு ஊரே நின்னிருக்கு பாருங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு தேவாரம் பாடினாள். கீழே வீட்டுக்காரர் டிவியை நிறுத்துவது கேட்டது.

ஜனவரி 12, ஞாயிறு

தேர்.

ஐந்து மணிக்கே எழுந்து நடந்தோம். ரயில் பாதையைத் தாண்டும்போது ஒரு காட்சி. நின்ற வண்டியிலிருந்து குடும்பம் குடும்பமாக வேட்டி, மஞ்சள் பை, தூக்குவாளியோடு இறங்குகிறார்கள். அதே பெட்டியில் ஏறுவதற்கு முதுகுப்பையோடு நூறு பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒரு பையன் ஏறாமல் நின்று, இறங்க முடியாமல் தவித்த ஒரு பாட்டியை இரண்டு கையாலும் தூக்கி நடைமேடையில் வைத்தான். பாட்டி அவன் தலையில் கை வைத்தார். அதற்குள் வண்டி நகர, அவன் ஓடி ஏறினான்.

ஐந்து தேர்கள். பிள்ளையார், முருகன், நடராஜர், சிவகாமி அம்மன், சண்டிகேசுவரர். மற்றக் கோயில்களில் வீதிக்கு வருவது உற்சவர். இங்கே கருவறையில் இருக்கிற நடராஜரே எழுந்து வந்து தேரில் ஏறுகிறார். ஆனியிலும் மார்கழியிலும் தேருக்கு அவர் தெருவுக்கு வருவதால்தான் நாலு வீதிக்காரர்களும் தேர்நாளைத் தங்கள் வீட்டு விசேஷமாக நினைக்கிறார்கள். கீழ வீதியில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தேருக்கு முன்னால் தெருவைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுக்கொண்டே போனார்கள். பத்து நிமிஷத்தில் ஆயிரம் கால்கள் அதை மிதித்துவிடும் என்று தெரிந்தும் ஒரு பெண் உட்கார்ந்து இழை பிசகாமல் சிக்குக் கோலம் போட்டாள்.

நானும் மகளும் அறைத்தோழியும் அம்மன் தேர் வடத்தைப் பிடித்தோம். பெண்கள் கூட்டம் அங்கேதான் அதிகம். விசில் கேட்டதும் இழுக்க வேண்டும். முதல் இழுப்புக்குத் தேர் அசையவே இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது, வடம் கையில் துடித்தது, பின்னால் திரும்பினால் அவ்வளவு பெரிய தேர் நம் மேலே வருகிறது. திருப்பத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்தேன். உருள்கிற சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து கட்டையைக் கொடுத்து, தேர் திரும்பியதும் கையை உருவிக்கொள்கிறார்கள். அதில் ஒருவருக்கு என் அப்பா வயது. வடம் பிடித்த என் உள்ளங்கை தெற்கு வீதி வருவதற்குள் சிவந்து எரிய ஆரம்பித்தது.

தெற்கு வீதியில் தூறல் பிடித்தது. யாரும் வடத்தை விடவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் மழையைப் பார்த்ததும் சேந்தனார் கதையைத் தொடங்கிவிட்டார். விறகு விற்றுப் பிழைத்த அடியார், மழை நாளில் வேறு ஒன்றும் இல்லாமல் களி கிண்டிப் படைத்தார். இதேபோல ஒரு தேர்நாளில் மழைச் சேற்றில் தேர் பதிந்துபோய், யார் இழுத்தும் அசையாமல், சேந்தனார் பல்லாண்டு பாடிய பிறகுதான் நகர்ந்தது. "இன்னிக்குத் தார் ரோடு, அதனால நம்மளைப் பாடச் சொல்லலை" என்று அவர் சிரிக்க, அறைத்தோழி, "நான் பாடுறேன் தாத்தா" என்று அங்கேயே அந்தப் பல்லாண்டை எடுத்துப் பாடினாள். வடத்தில் இருந்த பெண்கள் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

மேல வீதியில்தான் அவர்கள் வந்தார்கள். போன வருஷம் 'ராவே' என்று மகள் குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தாள். வேளாண்மைப் பிள்ளைகள் கடைசி வருஷத்தில் கிராமத்தில் விவசாயிகளோடு இருந்து கற்றுக்கொள்கிற பாடம் அது. அவள் தினமும் போன வயல்காரரும் அவர் மனைவியும் கூட்டத்துக்குள்ளிருந்து, "ஏ பாப்பா!" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். அந்த அம்மா முதலில் மகளின் கன்னத்தைத் தொட்டு, "இளைச்சுப் போயிட்ட" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எங்க வீட்டு மாடு கன்னு போட்டப்போ உங்க பொண்ணு ராத்திரி முழுக்க லாந்தர் பிடிச்சுச்சுங்க. உங்ககிட்ட சொல்லுச்சா?" என்று கேட்டார்.

சொல்லவில்லை. அவள் என்னிடம் அந்த மூன்று மாதமும், "சாப்பாடு நல்லா இருக்கும்மா, வெயில்தான்" என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

வயல்காரர் தூறலையே பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது சம்பா ஒரு வாரம் தண்ணீரில் நின்றதாம். தப்பித்தது கதிர் முற்றி, இப்போது தலை சாய்ந்து நிற்கிறது. இந்த நேரத்தில் ஒரு மழை பிடித்தால் நெல் வயலிலேயே முளைத்துவிடும். "சாமி தேர்ல இருக்கும்போது மழை வேணாம்னு கேக்கவும் மனசு வரலை, கேக்காம இருக்கவும் முடியலை" என்றார். மகள் அவரிடம் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் வெட்டியாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கிற குரல் எனக்குப் புதிது. வீட்டில் மின்கட்டணம் கட்டச் சொன்னால் மறந்துவிடுகிற பெண்.

சாயங்காலம் வடக்கு வீதி முனையில் தேர்கள் நின்றன. மீனவ சமூகத்தார் தங்கள் குலத்துப் பெண்ணாக நினைக்கிற சிவகாமிக்குப் பட்டு சாத்தி, தட்டில் சீர் வைத்துக் கொடுத்தார்கள். கூட்டத்தில் நேற்றைய படகோட்டி, வெள்ளைச் சட்டை போட்டுத் தலை சீவி, அடையாளமே தெரியவில்லை. அவர்தான் கூப்பிட்டார். "எங்க வீட்டுப் பொண்ணுக்குச் சீர், அதான் வந்தேன்" என்றார்.

செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. வெறுங்காலோடு அண்ணாமலை நகருக்கு நடந்தோம். பாதத்தில் கொப்புளம். வீட்டுக்கார அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திருந்தார்.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஆருத்ரா தரிசனம். இரண்டரை மணிக்கு அலாரம்.

ராத்திரியே ராஜசபை என்கிற ஆயிரங்கால் மண்டபத்துக்குச் சாமி வந்துவிட்டது. விடிவதற்கு முன் மகாபிஷேகம். எங்களுக்கு முன்னால் மனிதத் தலைகள் மட்டும்தான். சாமி தெரியவில்லை. பால் வாசனை, தயிர், அப்புறம் விபூதி, கடைசியில் சந்தனம் என்று மூக்கால்தான் அபிஷேகம் பார்த்தேன். முன்னால் நின்ற ஒருவர் தன் தோளில் இருந்த குழந்தையிடம், "என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குழந்தை, "வெள்ளையா கொட்டுது... இப்ப மஞ்சளா கொட்டுது" என்று சொல்லச் சொல்லச் சுற்றியிருந்த இருபது பேரும் கேட்டுக் கும்பிட்டோம்.

திரும்பி வந்தால் வீட்டில் களி வாசனை. வீட்டுக்கார அம்மா பச்சரிசியைச் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து வைத்திருந்தார். வறுத்த பாசிப்பருப்பு வெந்ததும் வெல்லக்கரைசல், அது கொதித்ததும் ரவையைத் தூவித் தூவிக் கிண்டினார். கை நிற்கக் கூடாது, நின்றால் கட்டி தட்டிவிடும். "நீ கிண்டு" என்று மகளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டுத் தாளகக் குழம்புக்குப் பூசணி, அவரை, மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி என்று நறுக்கப் போனார். இனிப்புக் களிக்குப் புளிப்பும் காரமுமான குழம்பு எப்படிச் சேரும் என்று சந்தேகப்பட்டேன். இரண்டையும் ஒரே வாயில் வைத்தபோது சந்தேகம் போய்விட்டது.

மூன்று மணிக்கு மேல் தரிசனம். நடராஜரும் அம்மனும் மண்டபத்திலிருந்து முன்னும் பின்னுமாக ஆடி ஆடிக் கருவறையான சித்சபைக்குத் திரும்புகிறார்கள். தூக்கி வருகிறவர்களின் கால்கள்தான் ஆடுகின்றன, அது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நொடி, சாமி மட்டும்தான் ஆடியது. அழுதேன். மகள் என் கையைப் பிடித்திருந்தாள், வடம் பிடித்துச் சிவந்த கையை.

கிளம்பும்போது அறையில் உளுந்துக்குத் தண்ணீர் தெளித்தேன். இலை விட்டிருந்தது. அறைத்தோழி விழுப்புரம் வண்டி ஏறிவிட்டாள். திருச்சி பேருந்தில் உட்கார இடமில்லை, ஜெயங்கொண்டம் வரை நின்றுகொண்டு வந்தோம். குமராட்சி தாண்டும்போது இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மகள் ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் காலடியில் இருந்த பையில் இரண்டு படி பச்சரிசி. தேரன்று மேல வீதியில் அந்த அம்மா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

ஜனவரி 14, செவ்வாய்

வீட்டில் அந்த அரிசியில்தான் பொங்கல். பானை பொங்கியதும் மகள் படம் எடுத்து வயல்காரருக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது. பொங்கல் வாழ்த்து ஒரு வார்த்தை, அதற்கு மேல் பேச்சு முழுக்க அறுப்பு மெஷின். வயல் இன்னும் காயவில்லை, டயர் வண்டி இறங்காது, செயின் வண்டிதான் வேண்டும், வியாழக்கிழமை வருகிறோம் என்று மெஷின்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"அங்க வானம் எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டுக்கொண்டே அவள் வாசலுக்குப் போய் நம் வானத்தைப் பார்த்தாள்.